உச்சிநல்லூரில் தற்செயலாக

சுரங்கம் மதுரை வரைக்கும் போகிறதாம். எந்தக் கோட்டைக்குப் போனாலும் ஒரு சுரங்கம் இருக்கிறது, அது எங்கே புறப்பட்டாலும் மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த வழிகாட்டிகள் சொல்லும் சுரங்கங்கள் அனைத்தும் உண்மையாக இருந்தால் நாட்டில் ஒரு வீடாவது நிமிர்ந்து நிற்குமா, நாமெல்லாரும் என்றைக்கோ உள்ளே விழுந்திருக்க மாட்டோமா என்று கேட்க நாக்குத் துடிக்கிறது. கேட்க மாட்டேன். வாயைத் திறக்க மாட்டேன். காலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் பூங்கோதை என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் யாரையும் திருத்தாத. சத்தியம் பண்ணு." முப்பத்தாறு வயதுப் பெண், அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர், தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குகிறாள்; சத்தியம் செய்வதெல்லாம் அறிவுக்குப் பொருந்தாத பழக்கம் என்று பணிக்காலம் முழுவதும் வகுப்பில் சொல்லி வந்த நான், கீரைக் கட்டுகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே நின்று அதைச் செய்து கொடுத்தேன். வேறு வழி இருந்ததா? இந்த வரனும் தட்டிப்போனால் இனி எந்தப் பேச்சுக்கும் ஒப்ப மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சொன்னால் சொன்னபடி நிற்பாள், அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உறவினர் யாரும் என்னிடம் கேட்பதில்லை. முதல் திருமணம் இரண்டு ஆண்டுகளில் முறிந்த பெண்ணை வீட்டில் வைத்துக் காட்டக் கூடாதாம். தெருவில் உள்ள கண்கள் எல்லாம் சன்னலுக்கு வந்துவிடுமாம், வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால் மீண்டும் ஓர் அவமானமாம். ஆகவே பொது இடம். இரண்டு குடும்பமும் தற்செயலாக ஓரிடத்தில் சந்திக்க வேண்டும், தற்செயலாகப் பேச வேண்டும். பிடித்தால் உறவு, பிடிக்காவிட்டால் சுற்றுலாப் பயணிகள். தரகர் அர்த்தநாரி இதைப் பரீட்சை விதிகளைப் போலச் சொல்லிக்கொடுத்தார். நான் அடிவாரத்துக் கோயிலைச் சொன்னேன், நிழல் உண்டு, உட்கார இடமுண்டு. வேண்டாம், மலைமேல் உச்சிநல்லூர்தான் வேண்டும், பழைய கோட்டை, பழைய தெருக்கள், டீச்சருக்கு வரலாறு என்றால் பிடிக்குமே என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். பிடிக்குமாம். வரலாறு எனக்கு என்ன அல்வாவா, பிடிக்க?

நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்திலேயே நாடகம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அக்காள் கணவர் தங்கமுத்து, பம்புசெட்டுக் கடை வைத்திருப்பவர், என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்து, "அட, நீங்களும் கோட்டை பாக்கத்தான் வந்தீங்களா! என்னங்க ஒரு அதிசயம்!" என்று கத்தினார். பள்ளி ஆண்டு விழாவில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இதைவிட நன்றாக நடிப்பார்கள். அவருடைய மனைவி ருக்மணி அவரை முழங்கையால் இடித்தாள். மாப்பிள்ளை நல்லசிவம், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை, வணக்கம் என்று கையை மட்டும் குவித்தார், வாய் திறக்கவில்லை. வழிகாட்டி வீரக்குமாருக்கு ஒரே மகிழ்ச்சி. "அஞ்சு பேரும் ஒண்ணா வந்தீங்கன்னா எனக்கும் ஒருக்கா சொன்னாப் போதுமுங்க." ஒருமுறை சொன்னாலே இவ்வளவு பிழை. கோட்டை வாசலில் நிற்கிறோம். வளைவு முழுவதும் சுண்ணாம்பும் செங்கல்லும், கண் உள்ள எவருக்கும் தெரியும், இவன் ஈராயிரம் ஆண்டு என்கிறான். நான் வானத்தைப் பார்த்தேன். மதிலின்மேல் யாரோ போர்வை உலர்த்தியிருந்தார்கள். ஊருக்குள் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள் என்பது ஒன்றுதான் இந்த ஊரில் எனக்குப் பிடித்திருக்கிறது. மாவு மில்லாகிவிட்ட படைக்கலக் கொட்டிலின் வாசலில் ஒருத்தி மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், பீரங்கிக் குண்டு ஒன்றை யாரோ அம்மிக் குழவிக்கு முட்டாக வைத்திருந்தார்கள். வாசலைக் கடந்ததும் படிகள். உடைந்த படி, சாய்ந்த படி, ஒரு முழ உயரப் படி. முதல் வளைவுக்கு முன்பே ருக்மணி என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். "கால் நோவுதுங்களா, டீச்சரம்மா?" இல்லை என்றேன். அடுத்த வளைவில், "மூச்சு வாங்குதுங்களா?" இல்லை. "கைப்பிடி இருந்தாத்தான் ஏறுவீங்களா, இல்லாமலும் ஏறிக்குவீங்களா?" இது என்ன கேள்வி? பெண் பார்க்க வந்தவள் பெண்ணைப் பார்க்காமல் என் காலைப் பார்க்கிறாள். பூங்கோதை அதோ முன்னால் போகிறாள், மாம்பழ நிறப் புடவை, நானே தேர்ந்தெடுத்தது, நேர்த்தியாக மடிப்பு வைத்திருக்கிறாள், தலை நிமிர்ந்து நடக்கிறாள்; அவளை ஏறிட்டுப் பார்க்க இவர்களில் ஒருவருக்கும் நேரம் இல்லை. பார்த்துப் பிடிக்காமல் போனால்கூட ஆறுதல். பார்க்காமலே இருப்பது என்ன மரியாதை? அவன், அந்த நல்லசிவம், அவளுக்கு இரண்டு எட்டுத் தள்ளி, கையில் தண்ணீர்ப் புட்டியோடு, கடனே என்று ஏறுகிறான். பேசாத ஆண்கள். பேசாத ஆண் ஒருவனை ஏற்கெனவே பார்த்தாயிற்று. அவளுடைய முதல் கணவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் அவளோடு பேசாமல் இருந்தான், அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டை நகர்த்துவதும் விளக்கை அணைப்பதுமே அவன் பேச்சு. ஒரு மழைக்காலம் முழுவதும் பேசாமல் இருந்தான் என்று அவள் சொன்னபோது நான் முதலில் அதை ஒரு குற்றமாக எண்ணவே இல்லை, பேசினால்தானே வம்பு என்று எண்ணினேன். அவள் வீட்டுக்கு வந்த பிறகு இரவெல்லாம் வானொலியைப் போட்டுவிட்டுத் தூங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது இன்னொருவன், தண்ணீர்ப் புட்டியோடு.

"இதுதானுங்க ராணி பங்களா," என்கிறான் வீரக்குமார். ராணி பங்களா! சாய்ந்த ஓட்டுக் கூரை, கணப்படுப்புக்குப் புகைபோக்கி, வெள்ளைக்காரத் துரை ஒருவன் காய்ச்சலுக்குப் பயந்து மலைமேல் கட்டிக்கொண்ட வீடு. வாசல் நிலையிலேயே ஆங்கில எழுத்தில் ஆண்டு வெட்டியிருக்கிறது, அந்த எழுத்துக்குக் கீழே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு இவன் ராணி இங்கேதான் கண்ணாடி பார்த்தாள் என்கிறான். தங்கமுத்து, "அப்பவே புகைக்கூண்டு வெச்சிருக்காங்க பாருங்க, ராணி என்ன சமைச்சிருப்பாளோ!" என்று வியக்கிறார். பூங்கோதை திரும்பி என்னைப் பார்க்கிறாள், எச்சரிக்கை. நான் உதட்டை மடித்துக்கொண்டேன். கை விரல்கள் சுண்ணாம்புக்கட்டியைத் தேடுகின்றன. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் பிழை காதில் விழுந்தால் வலது கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகச் சேர்கின்றன. "ராத்திரி நல்லாத் தூக்கம் வருங்களா?" ருக்மணிதான். இவளுக்கு ஏன் என் தூக்கம்? வரும் என்றேன். "நடுவுல எந்திரிப்பீங்களா?" எழுந்திருப்பேன், எல்லாரையும் போல. "எந்திரிச்சா லைட்டுப் போட்டுக்குவீங்களா, இருட்டுலயே போவீங்களா?" தெரியாதவர்கள் தற்செயலாகச் சந்தித்தால் பேச வேறு பொருளே இல்லையா, மழை இல்லையா, வெயில் இல்லையா, ராணி இல்லையா? இருட்டிலேயே போவேன் என்றேன், வெடுக்கென்று. சொன்னபிறகு அது உண்மையில்லை என்று பட்டது. கனகவல்லி போன பிறகு நான் விளக்குப் போடுகிறேன். கனகவல்லி எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியை, தனியாக இருந்தாள், மகன் கடல் கடந்து இருந்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தாள், வாசலில் பால் பாக்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் எதிர்வீட்டார் கதவைத் தட்டினார்கள். நான் போனபோது அந்தப் பாக்கெட்டுகளை யாரும் எடுத்திருக்கவில்லை. வெயிலில் உப்பிப் போயிருந்தன. எத்தனையோ பூக்களும் பறவைகளும் வரைந்த பெண், அவளை நினைத்தால் எனக்கு நினைவு வருவது உப்பிய பால் பாக்கெட்டு. சரி, அதை விடு. ராணி பங்களாவைப் பார். ராணியாம்.

கல் மண்டபத்தில் கொஞ்சம் உட்கார்ந்தோம். தூணைத் தட்டினால் இசை வருமாம். வீரக்குமார் தட்டினான், கல்லைத் தட்டிய ஓசை வந்தது. "கூர்ந்து கேட்டா வருமுங்க," என்றான். கூர்ந்து கேட்பதற்கு இன்று எனக்கு நியமித்த ஆள் வேறு. ருக்மணி பையைத் திறந்து கைமுறுக்கு டப்பாவை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினாள், பெண்ணுக்குக் கொடுக்காமல். எடுத்துக் கடித்தேன். கடிக்கும்போது நிமிர்ந்தால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களைப் போல. "கட்டியாயிருக்குதுங்களா? காரம் ஒத்துக்குமுங்களா? எங்கூட்ல கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்." அது உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவளிடம் கேட்க வேண்டிய கேள்வியம்மா என்று சொல்ல வந்தேன், சத்தியம் தடுத்தது, அது திருத்தமா, வெறும் தகவலா என்று எனக்குள்ளேயே வாதாடித் தோற்றேன். தங்கமுத்து தூணில் சாய்ந்துகொண்டு, "டீச்சரம்மா ஒரு பாட்டுப் பாடுங்களேன், மண்டபத்துல எதிரொலிக்குதான்னு பாப்போம்" என்றார். எனக்குப் பாட வராது என்றேன். "கோவம் எச்சா வருமுங்களா?" என்றாள் ருக்மணி, அதே மூச்சில், உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்கும் குரலில். பூங்கோதை அங்கிருந்து இருமினாள். "அம்மாவுக்குக் கோவமே வராதுங்க," என்றாள். வெட்கமில்லாமல். எனக்குக் கோபமே வராதாம். என் மகள், நான் வளர்த்த மகள், கல் தூணைச் சாட்சியாக வைத்துக்கொண்டு. நல்லசிவம் முதன்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன், சிரித்தபடி அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், உடனே இருவரும் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது புதிய மனிதர்கள் பார்த்துக்கொள்ளும் பார்வையாக எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதற்குள் வீரக்குமார் கைதட்டினான். "கெளம்பலாமுங்களா? அடுத்தது ஜெயிலுங்க."

சிறையாம். நீண்ட கூடம், உயரத்தில் காற்றுத் துளைகள், ஈரம் ஏறாமல் இருக்கத் தரை தூக்கிக் கட்டியிருக்கிறது, ஓரத்தில் தானியம் சரிவதற்கான வாய். பத்தாம் வகுப்பு மாணவி கண்ணை மூடிக்கொண்டு களஞ்சியம் என்று எழுதுவாள். வாசலில் ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடை. எண்ணெய் வாசனை நெஞ்சைக் கரித்தது. பூங்கோதையும் ருக்மணியும் உள்ளே போனார்கள், நல்லசிவம் கடையில் பஜ்ஜிக்கு நின்றான், நான் வெளித் திண்டில் உட்கார்ந்தேன், தங்கமுத்து எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். நல்ல மனிதர்தான், நல்ல மனிதர்கள்தாம் எல்லாவற்றையும் கெடுப்பவர்கள். "பரவால்லீங்க டீச்சர்," என்றார். "நீங்க நல்லாத்தான் ஏறறீங்க. எம்பட வீட்டுக்காரிதான் பயந்துட்டு இருந்தா. எங்கூட்டுப் படி செங்குத்துங்க, கீழ கடை, அதுக்கு மேல நாங்க, அதுக்கும் மேல சிவம். ரெண்டு மாடி ஏறோணும் பாருங்க." ஏறினால் ஏறுகிறாள், என் மகளுக்கு முப்பத்தாறு வயதுதான் என்றேன். அவர் சிரித்தார். "புள்ளைக்கு என்னங்க! புள்ளைய நாங்க போன மாசமே பாத்தாச்சுங்களே. சிவம்தான் ஆசுபத்திரி கேண்டீனுக்கு எங்களைக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சான். தங்கமான புள்ளைங்க. அம்மா கூட வந்தாத்தான் நான் வருவேன்னு சொல்லிருச்சு. சொன்னா நியாயந்தானுங்களே? அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க, பகலெல்லாம் நீங்களும் ருக்குவுந்தானே மூஞ்சிய மூஞ்சி பாத்துட்டு இருக்கோணும், அதுதான் ஒருக்கா உங்களைப் பாத்துட்டு..." அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். துண்டு நின்றது. "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

தெரியாது. எனக்குத் தெரியாது. மலைமேல் ஏறி வந்த படிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தன. கால் நோவுதா, மூச்சு வாங்குதா, தூக்கம் வருமா, பல் இருக்கிறதா, கோபம் வருமா, ஒரு பாட்டுப் பாடு. எழுபது வயதில் என்னைப் பெண் பார்த்திருக்கிறார்கள். நான் மூக்குச் சுளித்துக்கொண்டு, என் மகளைப் பார்க்கவில்லையே என்று அவர்கள்மீது கோபப்பட்டுக்கொண்டு, முறுக்கைக் கடித்துக் காட்டியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஒருமுறை இப்படி நின்றேன், எங்கள் வீட்டுக் கூடத்தில். மாப்பிள்ளையின் அத்தை செய்தித்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள், கண் தெரிகிறதா என்று பார்க்க, பிறகு முற்றத்து முல்லைக்கொடிவரை போய் ஒரு பூப் பறித்துவா என்றாள், கால் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. நான் ஆசிரியப் பயிற்சியில் முதலிடம் பெற்றவள். பூப் பறித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்காவது எனக்குத் தெரியும், எதற்கு நடக்கச் சொல்கிறார்கள் என்று; இன்றைக்கு அதுகூட இல்லை. பூங்கோதையும் இதில் கூட்டாளி. போன மாதமே கேண்டீன். போன மாதமே கேண்டீனில் எல்லாரும் தேநீர் குடித்திருக்கிறார்கள், நான் வீட்டில் அவளுக்குப் புடவை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன், மாம்பழ நிறம் எடுப்பாக இருக்குமா என்று. அம்மா கூட வந்தால்தான் வருவேன். என்னை யார் கேட்டார்கள்? பீரோவும் அம்மாவும் கூட வரும் என்பதைப் போல. பீரோவைக்கூட எந்தச் சுவரோரம் வைப்பது என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். இல்லை, ஏன் சொல்லவில்லை, சொன்னால் மறுப்பேன் என்று தெரியும், மறுத்தால் அவளும் போகமாட்டாள், ஆகவே என்னைப் பார்க்கவைத்து, பிடிக்கவைத்து, பிறகு சொல்வதாக ஏற்பாடு. யாரையும் திருத்தாதே, சத்தியம் பண்ணு. அந்தச் சத்தியம் அவளுக்காக அல்ல. நான் தேறுவதற்காக. உள்ளே வீரக்குமாரின் குரல் எதிரொலிக்கிறது, "இந்த ஓட்டை வழியாத்தானுங்க கைதிகளுக்குச் சோறு போடுவாங்க," நான் எழுந்திருக்கிறேன், எழுந்திருக்கும்போதே தெரிகிறது, இப்போது உள்ளே போனால் எல்லாம் போய்விடும், ஒரே ஒரு வகுப்பு எடுத்தால் போதும், ருக்மணி வேண்டாம் என்பாள், திருமணம் நிற்கும், பூங்கோதை வீட்டில் இருப்பாள், என்னோடு, எப்போதும், பால் பாக்கெட் வாசலில் கிடக்காது. கால் நின்றதா? நிற்கவில்லை.

"இது சிறைச்சாலை அன்று," என்றேன். அந்தக் கூடத்தில் என் குரல் நன்றாக எதிரொலித்தது. தங்கமுத்துவுக்குப் பாட்டுக் கிடைத்தது. "காற்றுத் துளைகளைப் பாருங்கள், கைதியின் மூச்சுக்காக எந்த அரசனும் இத்தனை துளை வைக்க மாட்டான். தரையைப் பாருங்கள். இந்த வாய் சோறு போட அன்று, நெல் சரிக்க. இது களஞ்சியம். நீங்கள் ராணி பங்களா என்றது துரையின் பங்களா, நிலையில் ஆண்டு வெட்டியிருக்கிறது. இங்கிருந்து மதுரைக்குச் சுரங்கமும் கிடையாது." வீரக்குமார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இருக்கலாமுங்க டீச்சர். ஆனா களஞ்சியம்னு சொன்னா சனங்க எட்டிப் பாத்துட்டுப் பஜ்ஜி திங்கப் போயிர்றாங்க. ஜெயில்னாத்தான் உள்ள வர்றாங்க." அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம் வந்தது. ருக்மணியிடம் திரும்பினேன். "கால் நோவதில்லை. இரவில் எழுவேன், விளக்குப் போட்டுக்கொள்வேன். பல் என்னுடையது. கோபம் வரும்." அவள் முறுக்கு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். பூங்கோதையின் முகம் வெளுத்துவிட்டது. ஐயோ, நான் என்ன செய்தேன். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறிக் கொடிமேடைக்குப் போகும் படிகளில் ஏறினாள். ஓடவில்லை. ஓடியிருந்தால்கூடத் தேவலை.

கொடிமேடைதான் உச்சி. அதற்குமேல் கல்லும் இல்லை, கட்டடமும் இல்லை, காற்று மட்டும். நான் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினேன், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு. அவள் தூரத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஏரியும் வயல்களும் அடிவாரத்துப் பேருந்து நிலையமும் ஏதோ குழந்தை மறந்துவிட்டுப் போன பொம்மைகளாகக் கிடந்தன. பின்னால் காலடி ஓசை. ருக்மணியாக இருக்கும், சொல்லி அனுப்புகிறோம் என்பாள், சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன பொருள் என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். வந்தவன் நல்லசிவம். தண்ணீர்ப் புட்டியை நீட்டினான், வாங்கிக்கொண்டேன், குடித்தேன். அவன் பேசாமல் நின்றான், பேசாமல் நிற்கப் போகிறான், நிற்கட்டும். பிறகு, "டீச்சர், ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றான். "எங்களோட வந்து இருக்கறதுக்கு உங்களுக்கு இஷ்டமுங்களா?" காலையிலிருந்து எத்தனை கேள்வி, இது ஒன்று மட்டும் வரவில்லை, இவ்வளவு எளிய கேள்வியா இது? கேள்விக்கு விடை தேடி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் எப்போதும் கேள்வி கேட்கும் பக்கத்தில் நின்றவள். செங்குத்துப் படி, கீழே பம்புசெட்டுக் கடை, பகல் முழுவதும் ருக்மணி, காரக் குழம்பு. பின்பு என் வீடு, என் புத்தக அலமாரி, என் நாற்காலி, இரவு விளக்கு, வழுக்கும் குளியலறை. "இல்லை," என்றேன். "கோவத்துல சொல்றீங்களா?" "கோபத்தில்தான் சொல்கிறேன். கோபம் தணிந்த பிறகு கேட்டாலும் இதையே சொல்வேன்." அவன் தலையசைத்தான். "உங்கள் அக்காள் என்ன சொல்கிறாள்?" "அக்கா பயந்துட்டாங்க." புட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "மாமாவுக்குத்தான் உங்களை ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க," என்றான். சிரிக்காமல்தான் சொன்னான், ஆனால் சொன்னான், அவன் பேசுகிறவன், இடம் பார்த்துப் பேசுகிறவன், அதை என்னால் மறுக்க முடியவில்லை. "நான் வரவில்லை என்றால் அவளும் வரமாட்டாள், தெரியும் அல்லவா?" என்றேன். "தெரியுமுங்க. அதை நீங்கதான் அவங்ககிட்டப் பேசணும். நான் பேசினா, நாங்க உங்களை வேண்டாம்னு சொல்லிட்டதா நெனச்சுக்குவாங்க."

அந்தக் கைப்பிடிச் சுவர்வரை நடந்தேன். நடக்கும்போதே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டேன், அவள் என்னென்ன சொல்வாள், நான் என்னென்ன சொல்வேன். கனகவல்லியைச் சொல்வாள், குளியலறையில் கைப்பிடி வைத்துக்கொள்கிறேன், எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுக்கிறேன், காலையும் மாலையும் தொலைபேசியில் பேசுகிறேன் என்பேன். ஊர் என்ன சொல்லும் என்பாள். ஊர் நம் வீட்டு வாடகையைக் கொடுக்கவில்லை என்பேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் என்பாள். மருந்தாளுநருக்குத் தாய் நான், மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியும் என்பேன். அழுவாள், அழுதால் அழட்டும் என்று பொறுத்திருப்பேன், பிறகு மீண்டும் முதலிலிருந்து சொல்வேன், நான் விட்டுக்கொடுப்பதில்லை, அவளும் விட்டுக்கொடுப்பதில்லை, இருட்டும்வரை ஆனாலும் ஆகட்டும். காற்று என் புடவையை ஒரு பக்கம் இழுத்தது. சரிசெய்துகொண்டு, "பூங்கோதை," என்றேன். "நான் உன்னோடு வரப்போவதில்லை. என் வீட்டில் நான் இருந்துகொள்வேன். நீ போ. இந்த மனிதர் பேசுகிறார்." அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள், இன்றைக்கு யாருமே பார்க்காத விதத்தில். காலை அல்ல, பல்லை அல்ல. நான் நிமிர்ந்து நின்றேன். "நெஜமாவாம்மா?" என்றாள். "நான் என்றைக்குப் பொய் சொல்லியிருக்கிறேன்?" என்றேன். கனகவல்லிக்கான விடையை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டேன்.

"சரிம்மா," என்றாள்.

அவ்வளவுதான். சரிம்மா. சொல்லிவிட்டு மூச்சை விட்டாள், அந்த மூச்சு வெகுகாலமாக உள்ளே இருந்தது என்பது அவள் தோள்கள் இறங்கிய விதத்தில் தெரிந்தது. என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள், விட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் நின்ற பக்கம் நடந்தாள். அவன் ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. ஒழுங்குபடுத்தி வைத்திருந்த விடைகள் அத்தனையும், கைப்பிடியும் எதிர்வீட்டுச் சாவியும் மாத்திரையின் பெயரும், கேட்பதற்கு ஆளின்றி என்னிடமே நின்றன. என்ன பெண் இவள்? இத்தனை உயரம் ஏறி வந்து சொல்கிறேன். இரண்டு முறையாவது மறுத்திருக்கலாம். ஒரு முறையாவது.